லாகின் ஆனவர் மறுபடி லாகின் பக்கத்துக்கு வந்தால் என்ன செய்வது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பீஸ் கணக்கு எழுதும் வெப் ஆப் ஒன்றை பி.எச்.பி.யில் செய்கிறீர்கள். லாகின் ஆன சூப்பர்வைசர், புக்மார்க்கில் இருப்பது லாகின் முகவரி என்பதால் அதையே மறுபடி அழுத்துகிறார். உள்ளே இருப்பவருக்கே மறுபடியும் யூசர்நேம், பாஸ்வேர்டு படிவம் வருகிறது. "இப்பத்தானுங்க போட்டேன், மறுபடியும் கேக்குது" என்கிறார். அதைச் சரிசெய்ய லாகின் பக்கத்தில் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, செஷன் குக்கி (வந்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் செஷன் என்ற குறிப்பின் எண்ணைச் சுமந்து பிரவுசரில் இருக்கும் சீட்டு) இருந்தால் டாஷ்போர்டுக்கு, அதாவது உள்ளே வரும் முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். இப்போது லாகின், டாஷ்போர்டு, லாகின், டாஷ்போர்டு என்று பக்கம் மின்னிக்கொண்டே இருக்கிறது, யாருமே உள்ளே போக முடியவில்லை.

முதலில் அந்த நாலு வரியை எடுத்துவிடுங்கள். பி.எச்.பி.யில் செஷன்_ஸ்டார்ட் என்று ஒரு முறை கூப்பிட்டாலே போதும், வந்தவர் யாராக இருந்தாலும் அவர் பிரவுசருக்கு ஒரு செஷன் குக்கி போய்விடும். பாஸ்வேர்டு போட்டவர், போடாதவர், தப்பாகப் போட்டவர், சும்மா எட்டிப் பார்த்தவர் எல்லோரிடமும் அது இருக்கும். ஆக, குக்கி இருக்கிறது என்பதற்கு "இவர் இந்தப் பக்கத்தைத் திறந்தார்" என்பதைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் அதை லாகின் ஆனதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அனுப்புகிறது, டாஷ்போர்டு சர்வரில் செஷனைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் லாகினுக்குத் திருப்புகிறது. சர்வரே மாறி மாறித் திருப்பியிருந்தால் கிரோம் 20 முறை பார்த்துவிட்டு "ரீடைரக்ட் அதிகமாகிவிட்டது" என்று பிழை காட்டி நிறுத்தியிருக்கும். நடுவில் ஒரு பக்கம் முழுசாகத் திறந்து அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் தள்ளுவதால் அந்தக் கணக்கில் இது சேராது, நீங்கள் மூடும்வரை ஓடும்.

இன்னொன்றும் தெரிகிறது. செஷன் குக்கியை உங்கள் ஜாவாஸ்கிரிப்டால் படிக்க முடிகிறது என்றால் எச்.டி.டி.பி.ஒன்லி அமைப்பு போடப்படவில்லை. பி.எச்.பி.யில் அது தானாக வராது, நாம்தான் போட வேண்டும். உடனே போடுங்கள். போட்ட பிறகு ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தக் குக்கி கண்ணிலேயே படாது, இந்த மாதிரி வழி தேடும் ஆசையும் வராது. லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு) "லாகின் ஆகிவிட்டார்" என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு அதைப் பார்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இதே கதைதான். சர்வரில் செஷன் காலாவதி ஆகிவிட்டது என்று அந்தக் குறிப்புக்கு யார் போய்ச் சொல்வது?

இந்த மாதிரிச் சுற்றல் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். "இவர் உள்ளே இருப்பவரா?" என்ற ஒரே கேள்விக்கு லாகின் பக்கம் ஒரு மாதிரியும் உள்பக்கங்கள் வேறு மாதிரியும் பதில் சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒன்றும் தெரியாது, ஒத்துப்போகாத அன்றைக்கு வண்டி செக்கு மாடு மாதிரி சுற்றும். ஆகவே சர்வரில் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். செஷனில் யூசர் எண் இருக்கிறதா, கடைசியாக வேலை செய்த நேரத்திலிருந்து நீங்கள் வைத்திருக்கும் கெடு தாண்டிவிட்டதா, டேட்டாபேஸில் அந்த யூசர் இன்னும் செல்லுபடி ஆகிறவரா என்று மூன்றையும் அதுவே பார்க்கட்டும். சரியாக இருந்தால் யூசரின் விவரத்தைத் தரட்டும், இல்லையென்றால் நல் (null, ஒன்றுமில்லை) தரட்டும். உள்பக்கங்கள் அதைக் கூப்பிட்டு நல் வந்தால் லாகினுக்கு அனுப்பும், லாகின் பக்கம் அதையே கூப்பிட்டு ஆள் வந்தால் உள்ளே அனுப்பும். வேறு எந்த ஃபைலிலும் "செஷனில் அது இருந்தால், குக்கியில் இது இருந்தால்" என்று தனியாக ஒரு இஃப் எழுதாதீர்கள்.

ஏன் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பனியன் கம்பெனியில் ஆள் மாறுவது உங்களுக்கே தெரியும். ஒரு சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், ஆபீஸில் அவர் பெயரை டேட்டாபேஸில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் செக்கிங் டேபிள் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் அவருடைய செஷன் இன்னும் உயிரோடு இருக்கிறது. டாஷ்போர்டு டேட்டாபேஸைப் பார்த்து "இவர் கிடையாது" என்று லாகினுக்கு அனுப்பும், லாகின் பக்கம் செஷனை மட்டும் பார்த்து "யூசர் எண் இருக்கிறதே" என்று டாஷ்போர்டுக்கு அனுப்பும். அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஆப் ஓடாது, மற்றதில் எல்லாம் ஓடும். இதைக் கண்டுபிடிக்கப் போனால் அரை நாள் போய்விடும். முதல் தடவை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்திருந்தாலும், ஓ.டி.பி. போடும் இரண்டாவது படி வைத்திருந்தாலும் இதே சிக்கல் வரும். பாஸ்வேர்டு சரி, ஓ.டி.பி. இன்னும் போடவில்லை என்று பாதி வழியில் நிற்பவரை லாகின் பக்கம் "ஆனவர்" என்று எண்ணக் கூடாது, "யாரோ" என்றும் எண்ணக் கூடாது, ஓ.டி.பி. பக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கெடு நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.எச்.பி.யில் செஷன் தகவலுக்கு இயல்பாக இருக்கும் ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். குக்கியோ பிரவுசரை மூடும்வரை இருக்கும். சூப்பர்வைசர் காலையில் பீஸ் போட்டுவிட்டு பவர் டேபிள் பக்கம் போய் அரை மணி கழித்து வந்தால் குக்கி இருக்கும், செஷன் காலியாகி இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம், அந்த 24 நிமிடம் முடிந்த நொடியே பி.எச்.பி. அழித்துவிடுவதில்லை, அவ்வப்போது நடக்கும் துப்புரவில்தான் பழசு போகும். அதனால் ஒரு நாள் அரை மணியில் வெளியே தள்ளும், இன்னொரு நாள் ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளே விடும், நீங்கள் சோதிக்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கும். அந்த ஆயுளைக் கூட்டி வையுங்கள், கூடவே கடைசி நேரத்தை நீங்களே செஷனில் எழுதிக் கணக்குப் பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் இடத்தில் 24 நிமிடம் எதற்கும் பத்தாது.

சரி, உள்ளே இருப்பவர்தான் என்று தெரிந்துவிட்டது, எப்படித் திருப்புவது? ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகள்) எங்கே போக வேண்டும் என்று லொகேஷன் வரி அனுப்பினால் பி.எச்.பி. தானாகவே 302 என்ற நிலையெண்ணைப் போட்டுவிடும், அது போதும். 301 மட்டும் போடவே போடாதீர்கள். 301 என்றால் "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று பொருள், பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அவர் சாயங்காலம் லாக்அவுட் செய்துவிட்டு மறுநாள் லாகின் முகவரிக்குப் போனால் பிரவுசர் சர்வரைக் கேட்காமலே டாஷ்போர்டுக்கு ஓடும், டாஷ்போர்டு லாகினுக்கு அனுப்பும், மறுபடி பிரவுசர் தானாக டாஷ்போர்டுக்கு. சர்வரில் கோடிங்கை நீங்கள் திருத்தினாலும் அந்த பிரவுசருக்குத் தெரியப்போவதில்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்திருப்பது) அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் லாகின் முகவரியையே மாற்ற வேண்டும். படிவத்தைச் சமர்ப்பித்து லாகின் ஆன பிறகு அனுப்பும் இடத்தில் 303 போடலாம், போஸ்ட் (படிவத்தை அனுப்புவது) முடிந்தது, இனி கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்குவது) ஆகப் போ என்று அது தெளிவாகச் சொல்லும்.

ஹெடர் வரிக்கு அடுத்த வரி எக்ஸிட். இதை விடுகிறவர்கள் ரொம்பப் பேர். ஹெடர் அனுப்பியதால் பி.எச்.பி. நின்றுவிடாது, கீழே இருக்கும் கோடிங் முழுக்க ஓடும். லாகின் பக்கத்தில் இதனால் பெரிய நஷ்டமில்லை, ஆனால் சம்பளப் பக்கத்தில் எக்ஸிட் இல்லாமல் விட்டால், பிரவுசர் லாகினுக்குப் போவது போலத் தெரிந்தாலும் சம்பளப் பட்டியல் அந்தப் பதிலுக்குள்ளேயே போயிருக்கும், கர்ல் (பிரவுசர் இல்லாமலே பக்கத்தை எடுக்கும் கருவி) வைத்து எடுப்பவர் உட்கார்ந்து படித்துக்கொள்வார். "ஹெடர் ஏற்கனவே அனுப்பப்பட்டது" என்று எச்சரிக்கை வந்தால், பி.எச்.பி. தொடங்கும் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரியோ இன்க்ளூட் செய்த ஃபைலின் கடைசியில் ஒரு இடைவெளியோ பெரும்பாலும் இருக்கும். தேடுங்கள், கிடைக்கும்.

இப்போது எல்லோரும் கவனிக்காமல் விடும் இடத்துக்கு வருகிறேன். இந்தச் சோதனையை லாகின் ஃபைலின் தலையில் போட்டு, கெட் ஆனாலும் போஸ்ட் ஆனாலும் உள்ளே இருப்பவரை டாஷ்போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லேப்டாப் இருக்கும் ஆபீஸில் இது பரவாயில்லை. உங்கள் இடத்தில் ஒரு செக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர். கட்டிங் சூப்பர்வைசர் லாகின் செய்து, லாக்அவுட் செய்யாமல் எழுந்து போகிறார். அதே பிரவுசரின் இன்னொரு டேபில் (tab) காலையிலிருந்தே திறந்து கிடக்கும் லாகின் படிவத்தில் செக்கிங் சூப்பர்வைசர் தன் யூசர்நேம், தன் பாஸ்வேர்டு போட்டு அழுத்துகிறார். சர்வர் அவர் போட்டதைப் படிக்கவே இல்லை, "ஏற்கனவே ஆள் உள்ளே இருக்கிறார்" என்று டாஷ்போர்டைத் திறந்துவிடுகிறது. அவரும் தன் பெயரில்தான் நுழைந்தோம் என்று நம்பி, மத்தியானம் வரைக்கும் பீஸ் போடுகிறார். எல்லாம் கட்டிங் சூப்பர்வைசர் பெயரில் ஏறுகிறது. சனிக்கிழமை சம்பளம் போடும்போதுதான் வெளியே வரும்: "ஏனுங்க, நான் போட்டதெல்லாம் அவரு பேருல நிக்குதுங்க." பீஸ் ரேட்டில் வேலை செய்யும் டெய்லர்களின் காசு இதில் மாட்டிக்கொள்ளும், அதனால் இதை அழகு சமாச்சாரமாக நினைக்க வேண்டாம்.

எனவே கெட் வந்தால்தான் திருப்ப வேண்டும். போஸ்ட் வந்தால், அவர் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார், அதைச் சோதித்தே ஆக வேண்டும். சரியாக இருந்தால் பழைய செஷனில் இருப்பதை முழுக்கக் காலி செய்து, செஷன் எண்ணையும் புதிதாக மாற்றி (செஷன்_ரீஜெனரேட்_ஐடி என்று இருக்கிறது, ட்ரூ கொடுத்துக் கூப்பிடுங்கள்), புது ஆளை ஏற்றுங்கள். செஷன் எண்ணை மாற்றுவது இதற்காக மட்டும் இல்லை, யாராவது முன்கூட்டியே ஒரு செஷன் எண்ணை உங்கள் ஆள் தலையில் கட்டிவிட்டுக் காத்திருக்கும் திருட்டையும் அது தடுக்கும். பாஸ்வேர்டு தப்பு என்றால் பிழை காட்டுங்கள், பழைய ஆளின் டாஷ்போர்டை மட்டும் காட்டிவிடாதீர்கள். ஜாங்கோவில் (பைத்தான் மொழிக்கான ஃபிரேம்வொர்க்) லாகின் ஆனதும் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன் (படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசிய எண்) மாறிவிடுவதால் பழைய டேபில் இருக்கும் படிவம் 403 (அனுமதி இல்லை) என்று நின்றுவிடும். பார்ப்பவருக்கு எரிச்சல்தான், ஆனாலும் தப்பான பெயரில் நுழைவதைவிட அது மேல்.

பொதுக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் கெட் வந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளுவதை நான் விரும்ப மாட்டேன். லாகின் முகவரியில் ஒரு சின்னப் பக்கம்: "நீங்கள் இந்தப் பெயரில் ஏற்கனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்று ஆள் பெயரும் செக்‌ஷனும் பெரிய எழுத்தில், கீழே "தொடர்க" என்று ஒரு பொத்தான், "நான் வேறு ஆள்" என்று ஒரு பொத்தான். இரண்டாவதை அழுத்தினால் லாக்அவுட் ஆகிப் படிவம் வரட்டும். முதலாளிக்கு ஒரு அழுத்து கூடுகிறதே என்று தோன்றினால் அவருடைய பொறுப்புக்கு மட்டும் நேராக அனுப்பிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்திலும் மேல் மூலையில் யார் பெயரில் இருக்கிறோம் என்பது தெரிய வேண்டும், அது பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். லாக்அவுட்டை வெறும் லிங்க் ஆக வைக்காமல் போஸ்ட் ஆக வையுங்கள். எங்கிருந்தோ ஒரு படத்தின் முகவரியாக லாக்அவுட் லிங்கைப் போட்டுவிட்டால் ஆளை வெளியே தள்ளிவிட முடியும் என்பதால்தான் ஜாங்கோவும் 5.0 பதிப்பிலிருந்து கெட் வழியாக லாக்அவுட் செய்வதை எடுத்துவிட்டது.

எங்கே அனுப்புவது என்பதும் இருக்கிறது. எல்லோரையும் ஒரே டாஷ்போர்டுக்கு அனுப்பி, அங்கே அவருக்கு அனுமதி இல்லாமல் மறுபடி லாகினுக்கு அனுப்பினால் மறுபடியும் செக்குதான். பொறுப்பைப் பார்த்து முதல் பக்கத்தை முடிவு செய்யுங்கள்: சூப்பர்வைசருக்கு பீஸ் பதிவு, கணக்குப்பிள்ளைக்கு சம்பளப் பக்கம். அனுமதி இல்லாத பக்கத்தை ஒருவர் திறந்தால் 403 காட்டி "உங்களுக்கு இந்தப் பக்கம் இல்லை" என்று சொல்லுங்கள், லாகினுக்கு அனுப்பாதீர்கள். அவர் யார் என்று நமக்குத் தெரியும், மறுபடி பாஸ்வேர்டு கேட்டு என்ன ஆகப்போகிறது? முகவரியில் "நெக்ஸ்ட்" என்று எங்கே போக வந்தார் என்பதைச் சுமந்துகொண்டு வருவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதை அப்படியே நம்பி அனுப்பினால் உங்கள் லாகின் லிங்க் வழியாகவே வெளியாள் தன் திருட்டுத் தளத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போவான். ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் பத்தாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கினால் பிரவுசர் அதை வேறு தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும், ஒரு சாய்கோடும் ஒரு பின்சாய்கோடும் சேர்ந்து வந்தாலும் அப்படியேதான். உங்கள் ஆப்பில் இருப்பது கைவிரல் எண்ணும் அளவு பக்கங்கள் என்றால் அவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு அதில் இருந்தால் மட்டும் விடுங்கள், லாகினும் லாக்அவுட்டும் அந்தப் பட்டியலில் வேண்டாம். ரெஃபரர் ஹெடரை (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்வது) பார்த்து வந்த வழியே அனுப்பலாம் என்ற யோசனையும் வேண்டாம், பாதி நேரம் அது லாகின் பக்கமாகவே இருக்கும்.

பேக் பொத்தான் தனிக் கதை. லாகின் ஆன பிறகு பேக் அழுத்தினால் பிரவுசர் சில சமயம் சர்வரைக் கேட்காமல் தன் நினைவில் உறைந்திருக்கும் பழைய படிவத்தையே எடுத்து நீட்டும். நம்முடைய ஃபங்ஷன் ஓடவே இல்லை, ஆகையால் திருப்பலும் இல்லை. செஷன்_ஸ்டார்ட் கூப்பிட்ட பக்கத்துக்கு பி.எச்.பி. தானாகவே "சேமிக்காதே" என்ற கேஷ் ஹெடரை அனுப்புகிறது, கூடவே 1981 நவம்பர் 19 என்று ஒரு காலாவதித் தேதியையும் அனுப்பும், ஹெடரைப் பார்க்கும்போது அதைக் கண்டு பயப்படாதீர்கள். அதற்கும் மீறி வந்தால் பேஜ்ஷோ நிகழ்வில் பெர்சிஸ்டட் (நினைவிலிருந்து எடுத்த பக்கமா என்பது) உண்மையா என்று பார்த்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்தக் கதையில் இருக்கும் வேலை அவ்வளவுதான், முடிவு எடுப்பது மறுபடியும் சர்வர்தான்.

பிற்பாடு ஃபிரேம்வொர்க்குக்கு (ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டமைப்பு) போகிறேன் என்றும் கேட்டிருந்தீர்கள். பி.எச்.பி. ஃபிரேம்வொர்க்கான லாராவெலில் கெஸ்ட் என்ற மிடில்வேரை (பக்கம் ஓடும் முன் நடக்கும் சோதனை) லாகின் பாதையில் மாட்டினால் முடிந்தது, ஆனால் அது போஸ்ட் பாதையிலும் மாட்டியிருந்தால் மேலே சொன்ன ஆள்மாறாட்டம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். ஜாங்கோவில் லாகின்வியூவுக்கு ரீடைரக்ட்_ஆதென்டிகேட்டட்_யூசர் என்று ஒன்று இருக்கிறது, இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறார்கள். காரணம் சுவாரசியமானது. வெளித்தளம் ஒன்று, உங்கள் லாகின் முகவரியோடு நெக்ஸ்ட் என்று உங்கள் தளத்திலுள்ள ஒரு படத்தின் முகவரியைச் சேர்த்து, அதைப் படமாகத் தன் பக்கத்தில் போடும். வந்தவர் உங்கள் ஆப்பில் லாகின் ஆகியிருந்தால் திருப்பிவிடப்பட்டுப் படம் திறக்கும், இல்லையென்றால் லாகின் பக்கம் வந்து படம் உடையும். அதை வைத்தே "இந்த ஆள் அங்கே உறுப்பினர்" என்று கண்டுபிடித்துவிடலாம். குக்கிக்கு சேம்சைட் லாக்ஸ் போட்டிருந்தால் வெளித்தளத்தின் படக் கோரிக்கையோடு குக்கி போகாது, அதனால் இது பெரும்பாலும் அடைபட்டுவிடும். பி.எச்.பி.யிலும் 7.3 முதல் அந்த அமைப்பு இருக்கிறது, எச்.டி.டி.பி.ஒன்லி போடும்போதே சேர்த்துப் போடுங்கள். ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் செக்யூரிட்டியில் ஒரு பள்ளம்: லாகின் ஆகாதவருக்கும் "அனானிமஸ்" என்ற அடையாளம் கொடுத்து வைத்திருக்கும், அதனிடம் ஆதென்டிகேட்டட் ஆ என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லும், அந்த வகை அடையாளமா என்று தனியாகச் சோதித்துவிட்டுத் திருப்புங்கள். பிரவுசரிலேயே ஓடும் ரியாக்ட் போன்றதில் செய்தால் "உள்ளே இருக்கிறார், இல்லை" என்று இரண்டு நிலை பத்தாது, "இன்னும் சர்வர் பதில் சொல்லவில்லை" என்று மூன்றாவது நிலை வைத்து அதுவரை ஒன்றும் காட்டாமல் இருங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்கும் லாகின் படிவம் ஒரு கணம் மின்னி மறையும்.

இதெல்லாம் செய்தும் எங்காவது சுற்றினால், கிரோமில் டெவலப்பர் டூல்ஸ் திறந்து நெட்வொர்க் பகுதியில் பழைய பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும் பெட்டியை டிக் செய்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் நிலையெண் என்ன, லொகேஷன் எங்கே காட்டுகிறது, பதில் சர்வரிலிருந்து வந்ததா டிஸ்க் கேஷிலிருந்து வந்ததா என்று பாருங்கள். கேஷ் என்றிருந்தால் முன்பு எப்போதோ ஒரு 301 போட்டிருக்கிறீர்கள். சர்வரிலிருந்துதான் என்றால் அந்த இரண்டு பக்கமும் ஒரே ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்போதும் புரியாவிட்டால் அந்த வரிகளை வரிசை மாறாமல் எழுதி அனுப்புங்கள், செஷன் எண்ணை மட்டும் அழித்துவிட்டு.